நான்கு நாள் எடுத்த அந்தச் சொல்லைப் பற்றிப் பேசுங்கள்

கேள்வி: நான் மொழிபெயர்த்த முதல் நாவல் இரண்டு மாதங்களுக்கு முன் வெளிவந்தது. ஒரு பத்திரிகையில் எழுத்தாளரின் நேர்காணல் முழுப் பக்கத்துக்கு வந்தது; அதில் என் பெயர் எங்கும் இல்லை. இப்போது ஒரு வானொலி நிகழ்ச்சிக்கு எங்கள் இருவரையும் அழைத்திருக்கிறார்கள். எழுத்தாளருக்குத் தமிழ் தெரியாது. அவர் பேசுவதை நானே தமிழில் சொல்லிவிட வேண்டும் என்கிறார்கள். எனக்குப் பேச்சு வராது. மொழிபெயர்ப்பைப் பற்றிச் சொல்வதற்கும் பெரிதாக என்ன இருக்கிறது? நாவலில் ஒரு மனைவி, இறந்துபோன கணவரோடு மனதுக்குள் பேசிக்கொண்டே இருக்கிறாள். மூல மொழியில் முன்னிலைக்கு ஒரே சொல்தான். தமிழில் ‘நீங்கள்’ என்று தொடங்கி, ஓர் இடத்தில் ‘நீ’ என்று மாற்றினேன். அந்த இடத்தை முடிவு செய்ய நான்கு நாள் ஆனது. இதையெல்லாம் கேட்க யாருக்குப் பொறுமை இருக்கும்? இன்னொரு பயமும் உண்டு. அவள் கணவரைக் கடைசிவரை மன்னிக்கவே இல்லை என்று எழுத்தாளர் அந்த நேர்காணலில் சொல்லியிருக்கிறார். மன்னித்துவிட்டாள் என்று நினைத்துத்தான் நான் மொழிபெயர்த்தேன். நிகழ்ச்சியில் இது வெளியே வந்தால் என்ன செய்வது? எழுத்தாளரை மட்டும் போகச் சொல்லிவிடலாமா?

பதில்:

வேண்டாம், நீங்களும் போங்கள். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ‘நீங்கள்’ எந்த வரியில் ‘நீ’ ஆனது என்று முடிவு செய்ய நான்கு நாள் எடுத்தேன் என்று போகிற போக்கில் எழுதிவிட்டு, யாருக்குப் பொறுமை இருக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் பல வருடங்கள் வானொலியில் புத்தக நிகழ்ச்சி நடத்தியவன். அதன்பிறகு மொழிபெயர்ப்புக்கு வந்து, மேசையின் மறுபக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறேன். இப்படி ஒரு தகவல் கையில் கிடைத்தால் அதை வைத்தே அரை மணி நேரத்தை நடத்திவிடுவேன். மொழியியல் தெரியாத நேயருக்கும் இது உடனே பிடிபடும். யாரை எப்போது ‘நீ’ என்று கூப்பிடுவது, யாரிடம் எப்போது ‘நீங்கள்’ என்பதை விடுவது என்ற சங்கடம் தமிழ் பேசும் ஒவ்வொருவருக்கும் தெரிந்ததுதானே.

மொழிபெயர்ப்பாளர்கள் ஊடகத்தில் தடுமாறுவதற்குக் கூச்சத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பொதுவாகப் பேசிவிடுகிறோம். ‘மொழிபெயர்ப்பில் என்ன சவால்கள் இருந்தன?’ என்று கேட்டால், பண்பாட்டு வேறுபாடு, மூலத்துக்கு நேர்மை, சரளம் என்று மூன்று பெரிய வார்த்தைகளைச் சொல்லி முடித்துக்கொள்கிறோம். கேட்பவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காது. அதே கேள்விக்கு ஒரு வாக்கியத்தை எடுத்து வையுங்கள். ‘இந்த வரியில் மூன்று வழிகள் இருந்தன. முதலாவதை இதனால் விட்டேன், இரண்டாவதை அதனால் விட்டேன், கடைசியில் இதை வைத்தேன்.’ இவ்வளவு போதும். எழுதியவரைத் தவிர, அந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு வாக்கியத்தின் முன்னாலும் நின்று முடிவெடுத்தவர் நீங்கள் ஒருவர்தான். அந்த அறிவு விமர்சகருக்கும் இல்லை, நிகழ்ச்சி நடத்துபவருக்கும் இல்லை.

2025இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்ற பானு முஷ்தாக்கின் கன்னடக் கதைத் தொகுப்பை நினைத்துப் பாருங்கள். அந்தப் பரிசு ஒரு சிறுகதைத் தொகுப்புக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை. அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த தீபா பாஸ்தி, 1990 முதல் 2023 வரை எழுதப்பட்ட கதைகளிலிருந்து பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்தார். கன்னடச் சொற்களைச் சாய்வெழுத்தில் பிரித்துக் காட்டவில்லை, அடிக்குறிப்பும் போடவில்லை. தன் வேலையை உச்சரிப்பின் வாடையோடு மொழிபெயர்ப்பது என்ற பொருளில் விளக்கினார். அந்த விளக்கம் பல கட்டுரைகளிலும் பேட்டிகளிலும் எடுத்தாளப்பட்டது. சாய்வெழுத்து வேண்டாம் என்ற சின்ன, கண்ணால் பார்க்கக்கூடிய முடிவைக் காட்டிவிட்டு, அதற்குப் பின்னால் இருந்த எண்ணத்தைச் சொன்னதால்தான் அது நின்றது. உங்கள் ‘நீ’யும் அப்படிப்பட்டதுதான்.

சரி, பெயர் விடுபட்ட விஷயம். அது உங்களுக்கு வலித்திருக்கும். எனக்கு இதில் ஒரு குற்ற உணர்வு உண்டு. நிகழ்ச்சி நடத்தத் தொடங்கிய புதிதில், ஒரு மொழிபெயர்ப்பு நாவலைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். நடையை மனதாரப் பாராட்டினேன், பத்திகளை வாசித்தேன். அந்த நடை யாருடையது என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. ஒலிபரப்பான பிறகு மொழிபெயர்ப்பாளரிடமிருந்து ஒரு அஞ்சலட்டை வந்தது. ‘நீங்கள் வாசித்த இரண்டு பத்திகளும் நான் எழுதிய தமிழ்’ என்று மட்டும் இருந்தது. அந்த அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன்.

பெயரை விடுபவர்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் விடுவதில்லை. அவர்கள் கையில் இருக்கும் குறிப்பில் அந்தப் பெயர் இருக்காது. ஆகவே குறிப்பை நீங்களே எழுதிக் கொடுங்கள். ஒரு பக்கம் போதும். நூலின் பெயர், மூலப் பெயர், எழுத்தாளரின் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும், ‘தமிழில்:’ என்று போட்டு உங்கள் பெயர், பதிப்பகம், வாசிக்கத் தகுந்த இரண்டு பகுதிகளின் பக்க எண்கள், கேட்கக்கூடிய நான்கைந்து கேள்விகள். கேள்விகளை அனுப்புவது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. வாரத்துக்கு மூன்று நான்கு புத்தகங்களைப் பார்க்கிற தயாரிப்பாளருக்கு உங்கள் நாவலை முழுதாக வாசிக்க நேரம் இருந்திருக்காது. முன்னுரையும் பின்னட்டையும் படித்திருப்பார். நல்ல கேள்விகளை யாராவது கொடுத்தால் நன்றியோடு எடுத்துக்கொள்வார். நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பத்திரிகைக்கும் இப்போதே இரண்டு வரி எழுதுங்கள். ‘நேர்காணலில் குறிப்பிடப்பட்ட நாவலின் தமிழ் மொழிபெயர்ப்பாளர் பெயர் விடுபட்டிருக்கிறது, இணையப் பதிப்பில் சேர்த்துவிட்டால் நன்றியுடையவளாக இருப்பேன்.’ இணையத்தில் இருப்பதைத் திருத்துவது எளிது, பல ஆசிரியர்கள் செய்துவிடுவார்கள். சமூக ஊடகத்தில் முதலில் எழுதிவிட்டு அப்புறம் கடிதம் அனுப்பாதீர்கள். அடுத்த நூலுக்கும் அதே மேசைக்குத்தான் போக வேண்டியிருக்கும். இதற்கெல்லாம் மேலாக, அடுத்த ஒப்பந்தத்தில் அட்டையிலும் எல்லா விளம்பரங்களிலும் மொழிபெயர்ப்பாளர் பெயர் இருக்க வேண்டும் என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். எழுதப்படாத நல்லெண்ணம் விளம்பரத் துறை வரை போய்ச் சேர்வதில்லை.

இது உங்கள் தனிப்பட்ட மனக்குறை என்றும் நினைக்க வேண்டாம். 2021ஆம் ஆண்டு உலக மொழிபெயர்ப்பு நாளான செப்டம்பர் 30 அன்று, மொழிபெயர்ப்பாளர் ஜெனிஃபர் கிராஃப்டும் எழுத்தாளர் மார்க் ஹாடனும் ஒரு திறந்த கடிதம் வெளியிட்டார்கள். தங்கள் நூல் மொழிபெயர்க்கப்படும்போதெல்லாம் மொழிபெயர்ப்பாளர் பெயரை அட்டையில் போடும்படி பதிப்பகங்களிடம் கேளுங்கள் என்று அதில் எழுத்தாளர்களை வேண்டியிருந்தார்கள். சர்வதேச புக்கர் பரிசில் 2016 முதல் ஐம்பதாயிரம் பவுண்டு எழுத்தாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதியாகப் பிரிகிறது. நம் மொழியில் இதற்கு இன்னும் பழைய வேர் உண்டு. தொல்காப்பிய மரபியல் வழிநூலை, அதாவது முதல்நூலைப் பின்பற்றி எழுதும் நூலை, நான்கு வகையாகப் பிரிக்கும்போது ‘மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்’ என்பதை ஒரு வகையாக வைக்கிறது. யாத்தல் என்றால் கட்டுதல், இயற்றுதல். மொழிபெயர்ப்பை நூல் செய்வதாகவே அந்த வரி பார்க்கிறது. மராத்தி நாவலாசிரியர் காண்டேகரைத் தமிழில் படித்த தலைமுறைக்கு, அவரை மொழிபெயர்த்த கா.ஸ்ரீ.ஸ்ரீ. என்ற பெயரைச் சொல்லாமல் காண்டேகரைப் பற்றிப் பேசவே வராது. அந்தப் பழக்கம் நமக்கு இருந்ததுதான்.

இனி உங்கள் கடிதத்தில் என்னை உண்மையிலேயே கவலைப்பட வைத்த விஷயம்: எழுத்தாளர் பேசுவதையும் நீங்களே தமிழில் சொல்ல வேண்டும் என்பது. இதற்கு உடனே சரி என்று சொல்லாதீர்கள். எழுத்து மொழிபெயர்ப்பும் பேச்சை உடனுக்குடன் மாற்றிச் சொல்வதும் இரண்டு தனி வேலைகள். முதலாவதில் ஒரு சொல்லுக்கு நான்கு நாள் எடுக்கலாம், இரண்டாவதில் நான்கு விநாடிகூட இல்லை. அதோடு, அவர் குரலாக இருந்துகொண்டே அடுத்த நிமிடம் நீங்களாகவும் பேச வேண்டும். என் அனுபவத்தில் இப்படி நடந்த நிகழ்ச்சிகளில் மொழிபெயர்ப்பாளர் முழுதாக மறைந்துபோகிறார். அவருடைய கருத்து எதுவும் பதிவாவதில்லை, களைப்பு மட்டும் மிஞ்சுகிறது.

வானொலியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மேடையில் துபாஷி, அதாவது பேச்சை உடனுக்குடன் மாற்றிச் சொல்பவர், ‘நான்’ என்றே சொல்வார். பேசியவர் பக்கத்தில் நிற்பதால் பார்வையாளர்களுக்கு யார் அந்த ‘நான்’ என்று குழப்பம் வராது. வானொலியில் கேட்பது குரல் மட்டும். நீங்கள் ‘என் அம்மா இறந்தபோது இந்த நாவலைத் தொடங்கினேன்’ என்றால் அது யாருடைய அம்மா?

முதலில், நிகழ்ச்சி நேரலையா, பதிவு செய்யப்படுவதா என்று கேளுங்கள். பதிவு என்றால் வழி சுலபம். எழுத்தாளர் தன் மொழியில் பேசட்டும். ஒலிபரப்பில் அவர் குரல் சில விநாடிகள் கேட்டுத் தணிய, அதன்மேல் வேறொருவர் தமிழில் வாசிக்கட்டும். பதில்களின் தமிழ் வடிவத்தை நீங்கள் எழுதிக் கொடுக்கலாம், குரல் மட்டும் உங்களுடையதாக இருக்க வேண்டாம். கேட்பவர் காதில் உங்கள் குரல் உங்கள் கருத்தோடு மட்டும் சேர்ந்து பதியும். நேரலை என்றால் தனியாக ஒரு துபாஷியை ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். அதுவும் முடியாது என்றால் மட்டும் நீங்கள் செய்யுங்கள், சில நிபந்தனைகளோடு. எழுத்தாளர் இரண்டு மூன்று வாக்கியங்களுக்கு ஒரு முறை நிறுத்த வேண்டும். இதை அவரோடு முன்கூட்டியே பழகிப் பாருங்கள். ‘அவர் சொல்கிறார்’ என்றே தொடங்குங்கள். உங்கள் கருத்துக்கு வரும்போது ‘இது நான் மொழிபெயர்ப்பாளராகச் சொல்வது’ என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் பேசுங்கள். பெயர்களையும் வருடங்களையும் குறித்துக்கொள்ள ஒரு சின்ன நோட்டு வைத்திருங்கள். உங்களுக்கென்று தனியாகக் குறைந்தது மூன்று கேள்விகள் வேண்டும் என்று தயாரிப்பாளரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். அதைக் கேட்பதில் தவறே இல்லை.

இப்போது அந்த மன்னிப்பு விவகாரம். நிகழ்ச்சிக்கு முன் எழுத்தாளரோடு அரை மணி நேரம் பேசுங்கள். யார் எந்தக் கேள்வியை எடுத்துக்கொள்வது, கதையில் எதுவரை சொல்வது, எதைத் தொட வேண்டாம் என்று பேசி வையுங்கள். எழுத்தாளரின் அரசியல் நிலைப்பாடு பற்றிக் கேட்டால் அதை அவரிடமே திருப்பிவிடலாம், நீங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவரில்லை. இதெல்லாம் முடிந்ததும் அவரிடம் நேராகச் சொல்லுங்கள்: ‘அவள் மன்னித்துவிட்டாள் என்று நினைத்து நான் மொழிபெயர்த்தேன். நீங்கள் இல்லை என்று சொன்னதைப் படித்தேன்.’ மொழிபெயர்க்கும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்று உங்களுக்கு உறுத்தலாம். இருக்கட்டும். எல்லாவற்றையும் முன்கூட்டியே கேட்டுவிட்ட மொழிபெயர்ப்பாளர் யாரும் இல்லை.

அவர் கோபப்படுவார் என்று நான் நினைக்கவில்லை. ஒரு புத்தகம் எழுதி வருடங்கள் ஆன பிறகு, அதை அவ்வளவு நெருக்கமாகப் படித்த ஒருவரோடு பேசுவது எழுத்தாளருக்கும் அபூர்வமாகக் கிடைப்பது. இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள். தமிழில் ‘நீ’ இரண்டு பக்கமும் போகிற சொல். கடவுளையும் குழந்தையையும் ‘நீ’ என்கிறோம். சண்டை முற்றும்போது, அதுவரை ‘நீங்கள்’ என்றவரையும் ‘நீ’ என்கிறோம். ஒரு மனைவி இறந்துபோன கணவரைப் பார்த்து ‘நீ’ என்று ஆரம்பிக்கும்போது, அவள் அவருக்கு மிக அருகில் வந்துவிட்டாளா, அல்லது மரியாதையை விலக்கிக்கொண்டாளா? வாசகர் இரண்டு விதமாகவும் படிக்கலாம். நீங்கள் மன்னிப்பு என்று நினைத்து வைத்த சொல், எழுத்தாளரின் மன்னிக்காத மனைவிக்கும் இடம் கொடுக்கிறது. மாற்றுவதற்கு இரண்டு சொற்கள் இல்லாத மூல மொழியில் இந்தத் திருப்பத்தைக் காட்டவே முடியாது. அவர் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நிகழ்ச்சியிலும் இந்த வேறுபாட்டை மறைக்க வேண்டாம். ‘எழுத்தாளர் இப்படிப் பார்க்கிறார், மொழிபெயர்க்கும்போது எனக்கு வேறு மாதிரி தோன்றியது’ என்று சொல்லுங்கள். ‘அதன் அர்த்தம் இதுதான்’ என்று தீர்ப்பு மட்டும் வேண்டாம். எழுதியவரும் மொழிபெயர்த்தவரும் ஒரே மேசையில் மாறுபடுவதைக் கேட்ட நேயர், அந்தப் பக்கத்தைத் தானே படித்துப் பார்க்க ஆசைப்படுவார்.

பிழைகள் பற்றிய கேள்வி வரலாம், வந்தால் பதறாதீர்கள். கொரிய எழுத்தாளர் ஹான் காங்கின் நாவலுக்கு 2016இல் சர்வதேச புக்கர் பரிசு கிடைத்த பிறகு, டெபோரா ஸ்மித்தின் ஆங்கில மொழிபெயர்ப்பில் தவறுகள் இருப்பதாகக் கொரியாவில் கடும் விமர்சனம் எழுந்தது. அவர் பிழைகளை ஒப்புக்கொண்டார், தன் அணுகுமுறையை விளக்கி 2018இல் ஒரு கட்டுரையும் எழுதினார். தொடர்ந்து மொழிபெயர்க்கவும் செய்தார். யாராவது ஒரு வரியைக் காட்டி இது தப்பு என்றால், தப்பாக இருந்தால் ‘ஆமாம், அடுத்த பதிப்பில் திருத்துகிறேன்’ என்று சொல்லிவிடுங்கள். தெரிந்தே செய்த மாற்றமாக இருந்தால் காரணத்தைச் சொல்லுங்கள். அந்த இடத்தில் நினைவுக்கு வரவில்லை என்றால் பார்த்துச் சொல்வதாகச் சொல்லுங்கள். இந்த மூன்றில் எதைச் சொன்னாலும் உங்கள் மேல் மரியாதை கூடும்.

‘மொழிபெயர்ப்பு மாதிரியே தெரியவில்லை’ என்று பாராட்டுவார்கள். அன்போடு சொல்வதுதான். நன்றி சொல்லிவிட்டு அதே மூச்சில் உங்கள் வாக்கியத்துக்குப் போய்விடுங்கள்: ‘நன்றி. ஆனால் ஓர் இடத்தில் இது மொழிபெயர்ப்பு என்று தெரியத்தான் வேண்டும் என்று நினைத்தேன், சொல்லட்டுமா?’

பேச்சே வராது என்ற பயம் மட்டும் பெரிதாக இருந்தால், மற்ற ஊடகங்களுக்கு எழுத்து நேர்காணலைக் கேட்கலாம். நாவலாசிரியர் நபக்கோவ் கேள்விகளை முன்பே எழுத்தில் வாங்கி, பதில்களையும் எழுதியே கொடுத்தார். புனைபெயருக்குப் பின்னால் மறைந்திருக்கும் இத்தாலிய எழுத்தாளர் எலெனா ஃபெரான்டே பெரும்பாலும் எழுத்தில்தான் நேர்காணல் தருகிறார். அவரை நேரில் காண முடியாததால், ஆங்கில வாசகர்கள் முன் அவர் நூல்களைப் பற்றிப் பல மேடைகளில் பேசியவர் மொழிபெயர்ப்பாளர் ஆன் கோல்ட்ஸ்டைன். ஆனால் இந்த வானொலி நிகழ்ச்சியை விட்டுவிடாதீர்கள். உங்கள் நாவலே ஒரு பெண் பேசுவதுதான், அது குரலில் கேட்க வேண்டியது.

ஒலிப்பதிவு அறைக்குச் சில சின்ன விஷயங்கள். வளையல், உரசுகிற புடவை, நீளக் காதணி வேண்டாம், ஒலிவாங்கி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். வாசிக்கும் பக்கங்களைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து, தனித்தனித் தாளாக வைத்திருங்கள், ஊக்கு குத்த வேண்டாம். நடுவில் வந்து கேட்பவர்கள் உண்டு என்பதால் ‘இந்தப் புத்தகம்’ என்று சொல்லாமல் அதன் பெயரைச் சொல்லுங்கள். பதிவு என்றால் பேச்சு திக்கும்போது நிறுத்தி, ‘திரும்பச் சொல்கிறேன்’ என்று வாக்கியத்தை ஆரம்பத்திலிருந்து தொடங்கலாம், வெட்டுபவருக்கு அது உதவி. நாற்பது நிமிடம் பதிவு செய்து பத்து நிமிடம் ஒலிபரப்புவது சாதாரணம். ஆகவே உங்கள் வாக்கியக் கதையை நிகழ்ச்சியின் முதல் பாதியிலேயே, இரண்டு நிமிடத்துக்குள், தனியாக எடுத்தாலும் புரிகிற மாதிரி சொல்லிவிடுங்கள். வீட்டில் கடிகாரம் வைத்து நாலைந்து முறை சொல்லிப் பாருங்கள். மனப்பாடம் வேண்டாம், வரிசை நினைவில் இருந்தால் போதும். வாசிக்கப் போகும் பகுதிக்குப் பதிப்பகத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

எந்தப் பகுதி என்று கேட்டால், நான் ‘நீங்கள்’ ‘நீ’ ஆகும் அந்தப் பக்கத்தைத்தான் சொல்வேன். முன்கதை அதிகம் தேவைப்படாது: கணவர் இறந்துவிட்டார், அவள் அவரோடு பேசிக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். முதலில் எழுத்தாளர் தன் மொழியில் நாலு வரி வாசிக்கட்டும், அந்த ஒரே முன்னிலைச் சொல் திரும்பத் திரும்ப வருவது நேயர் காதில் விழட்டும். அப்புறம் நீங்கள் தமிழில் வாசியுங்கள். அந்தச் சொல் மாறும் இடத்தில் குரலை உயர்த்த வேண்டாம், இறக்கவும் வேண்டாம். வாசித்து முடித்ததும் உடனே விளக்கத் தொடங்காமல் இருங்கள். நிகழ்ச்சி நடத்துபவர் கேட்கட்டும். அவர் கேட்கவில்லை என்றால் எழுத்தாளர் பக்கம் திரும்பி நீங்களே கேளுங்கள்: ‘இந்த இடத்தில் அவள் கிட்டே வருகிறாளா, விலகிப் போகிறாளா?’